ஜெலுத்தோங்கில் சிரித்த சாப்ஸ்

சமையலறையில் ஒரு முட்டையைக்கூட ஒழுங்காக உடைக்கத் தெரியாத ஆண்பிள்ளையையும் வாசலில் நிறுத்தி, கரியடுப்பைப் பற்றவைத்து, கையில் ஓர் இடுக்கியைக் கொடுத்துப் பாருங்கள். அந்த நிமிடமே தன்னைப் பெரிய சமையல்காரனாக நினைத்துக்கொள்வான். இது உலகத்துக்கே பொதுவான வியாதி. பினாங்கில் கொஞ்சம் கூடுதல். (கடல் காற்றுக்குக் கரி சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பது என் கணிப்பு.) எனக்கு அந்த வியாதி கல்யாணத்துக்கு முன்பே வந்தது. வந்த இடம் ஜெலுத்தோங். வரக் காரணம் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. அவள் கணக்குப் பிரிவு, நான் தரக்கட்டுப்பாடு. அவள் வீடு தீவுப் பக்கம், ஜெலுத்தோங்கில். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். என் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில். அங்கே நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா சுத்த சைவம். எனக்காக எப்போதாவது கோழி சமைப்பாள். அதையும் தனிச் சட்டியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எங்கள் விஷயம் ஸ்டெல்லாவின் அப்பா காதுக்குப் போயிருந்தது. அந்தோணி அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மதம் அவருக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அவர் கவலை வேறு. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டெல்லா அதைச் சொன்னாள்.

“அப்பா கேட்டாரு, அந்தப் பையன் நம்ம வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவானா, இல்ல தட்டுல தயிர ஊத்திக்கிட்டு ஓரமா உட்காந்திருப்பானான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“சாப்பிடுறது என்ன பெரிய விஷயம், அவரே பன்னி சாப்ஸ் சுடுவாரு, அவரு மாதிரி யாராலயும் சுட முடியாதுன்னு சொல்லிட்டேன் லா.”

“எந்த அவரு?”

“நீதான்.”

என் வாழ்க்கையில் அதுவரை நான் சுட்டது அப்பளம் ஒன்றுதான். பன்றி இறைச்சி, நண்பன் வீட்டு விருந்தில் ஓரிரு முறை சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவே எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

“அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரச் சொல்லிட்டாரு. அத்தையும் வருவாங்க. எனக்காகப் பண்ணு,” என்றாள். அந்த ‘எனக்காக’ என்ற ஒரு சொல்லுக்கு நான் அன்றைக்கு யானையையே சுட்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்கக் கைப்பேசியில் சமையல் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், சீனப் பெண்மணி ஒருத்தர், யாரென்றே தெரியாத இரண்டு கைகள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். எலும்போடு சேர்ந்த துண்டங்களை முதல் நாளே மசாலாவில் ஊறவைக்க வேண்டும். சுட்டு இறக்குகிற நேரத்தில் இனிப்பும் உப்புமாக ஒரு பாகைக் காய்ச்சி மேலே தடவ வேண்டும். அப்போதுதான் சாப்ஸ் பளபளவென்று இருக்கும்.

அம்மாவிடம் மறைக்க முடியாது. சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“பொண்ணு நல்ல பொண்ணா?”

“நல்ல பொண்ணுமா.”

“சரி, பண்ணு. ஆனா அது என் வாசப்படியத் தாண்டி உள்ள வரக்கூடாது.”

எனவே சனிக்கிழமை, பாசாரில் வாங்கிய சாப்ஸோடு வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டேன். புதுப் பாத்திரம், புதுக் கத்தி, இரவல் வாங்கிய ஐஸ் பெட்டி, கையடக்க கேஸ் அடுப்பு. அம்மா உள்ளே சமையலறை ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“நீ வேணும்னா முன்பக்கம் போயேன்மா.”

“நான் எங்க பாக்குறேன்? வெங்காயம் உரிக்கிறேன்.”

இறைச்சியில் பூண்டு, இஞ்சி, மிளகு, கிச்சாப் (இங்கே சோயா சாஸுக்கு அதுதான் பெயர்), கொஞ்சம் தேன் எல்லாம் போட்டுப் பிசைந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“இஞ்சி பத்தாது.”

“பாக்கலன்னு சொன்ன?”

“கண்ணுதான் பாக்கல. மூக்க என்ன மூடியா வச்சிருக்கேன்.”

இஞ்சி இன்னும் கொஞ்சம் போட்டேன். அடுத்து பாகு. குலா மலாக்கா (நம் ஊர்க் கருப்பட்டிக்குத் தம்பி முறை), இனிப்புக் கிச்சாப், புளிக்கரைசல், இடித்த மிளகாய் எல்லாவற்றையும் சட்டியில் கொதிக்க விட்டேன். கரண்டியில் ஒட்டுகிற பக்குவத்தில் இறக்கு என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். எனக்கோ எல்லா நிலையிலும் அது கரண்டியில் ஒட்டுவது போலவும் இருந்தது, ஒட்டாதது போலவும் இருந்தது.

“தண்ணியா இருக்கா?” ஜன்னல் கேட்டது.

“கொஞ்சம்.”

“இன்னும் காயட்டும்.”

பாகு விஷயத்தில் அம்மாவை எதிர்த்துப் பேச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. தீபாவளிக்கு அவள் பிடிக்கிற பொரிவிளங்காய் உருண்டைக்குப் பாகான் டாலாமில் தனி மரியாதை. நான் காய்ச்சிக்கொண்டே இருந்தேன்.

“இப்ப ஒரு கிண்ணத்துல தண்ணி எடுத்து ஒரு சொட்டு விடு. கையில உருட்டிப் பாரு. உருளுதா?”

“உருளுதும்மா.”

“அத தட்டுல போடு. டங்குன்னு சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

“அதான் பதம். இறக்கு.”

பெருமையோடு இறக்கிப் போத்தலில் ஊற்றினேன். மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன். கடலைப் பார்த்தபடி பையிலிருந்து பாகுப் போத்தலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு நகரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சட்டையில் கொட்டிவிடுமோ என்ற பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். (அந்த அளவுக்கு அறிவு.)

ஜெலுத்தோங்கில் வரவேற்பு பலமாக இருந்தது. அந்தோணி அங்கிள் கெரேத்தாவை (கார்தான்) ரோட்டோரம் நிறுத்திவிட்டு, போர்ட்டிக்கோவில் கரியடுப்பைத் தயாராக வைத்திருந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல உயரம், கிரேன் மேலிருந்தே பேசிப் பழகிய குரல். ஸ்டெல்லாவின் அம்மா மேரி ஆண்டி எனக்குத் தேத்தண்ணி கொடுத்து, நான் வியர்ப்பதைப் பார்த்து இரண்டாவதாக ஒரு துண்டும் கொடுத்தார். அங்கிளின் தங்கை எலிசா அத்தை மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் தங்கை இருவருக்கும் பேச்சே சண்டைதான். அன்றைய தலைப்பு பல்.

“தம்பி, எலும்ப ஒட்ட வெட்டிராதீங்க. கடிச்சுச் சாப்பிடணும். எங்க தங்கச்சிக்கு மட்டும் தனியாப் பொடிசா வெட்டிக் குடுங்க. அது வாயில இருக்கிறது பூரா டூப்ளிகேட்,” என்றார் அங்கிள்.

“ஆமா, உங்களுக்கு மட்டும் ஆண்டவர் இரும்புல செஞ்சு அனுப்பிட்டாரு,” என்றார் அத்தை.

அங்கிள் என் பக்கம் குனிந்து வாயைத் திறந்து, முன்பல்லில் நகத்தால் தட்டிக் காட்டினார். “பாருங்க. அத்தனையும் ஒரிஜினல். நண்டு ஓட்ட நான் பல்லாலதான் உடைப்பேன்.”

நான் பயபக்தியோடு பார்த்தேன். வரிசை தப்பாத பற்கள். அந்த வயதில் அப்படிப் பற்கள் இருந்தால் நானும் தட்டிக் காட்டுவேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அன்றைக்கு நன்றாகத்தான் சுட்டேன். கரி கனிந்து சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைத்தேன். அடிக்கடி புரட்டவில்லை. கொழுப்பு உருகிச் சொட்டி, இஞ்சியும் பூண்டும் சேர்ந்த ஒரு வாசனை தெருவுக்கே போனது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி கம்பிவேலி வழியாக எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அங்கிள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்கம்மாக்குத் தெரியுமா, நீங்க இதப் பண்றது?”

“தெரியும் அங்கிள். அவங்கதான் பாகுக்குப் பதம் சொன்னாங்க.”

அங்கிள் குனிந்து ஒரு கரித்துண்டை அடுப்புக்குள் தள்ளினார். “தொடாதவங்க பதம் சொல்லிக் குடுத்தாங்களா,” என்றார். குரல் இறங்கியிருந்தது. முக்கால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு பாகுப் போத்தலைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, கண்ணாடி போல ஏதோ இருந்தது. கரண்டியால் குத்தினேன். கரண்டி வளைந்தது. யாரும் பார்க்காதபோது போத்தலைக் கரிக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். மெல்ல இளகிற்று. அது மறுபடி கெட்டியாகிவிடும் முன் எல்லாச் சாப்ஸிலும் அவசர அவசரமாக, தாராளமாகத் தடவினேன். பழைய மேசைக்கு வார்னிஷ் அடித்தது மாதிரி மின்னின.

“முகம் தெரியுது லா,” என்றார் மேரி ஆண்டி.

சுடச்சுடச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. மேசையில் தட்டு வந்ததும் அங்கிள் ஜெபம் சொல்ல எழுந்தார். நல்ல மனிதர். யாரையும் விட்டுவிடாதவர். உணவுக்கு நன்றி சொன்னார். வீட்டார் சுகத்துக்கு வேண்டினார். கூட வேலை பார்த்தவர்களின் முழங்கால் வலிக்கு வேண்டினார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் அம்மாவுக்கும், பெயர் கேட்டுக்கொண்டு, தனியாக வேண்டினார். நான் நெகிழ்ந்து போய்க் கண்ணை மூடி நின்றேன். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே என் பாகு ஆறி, அம்மா சொன்ன பதத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆமென் சொல்லி உட்கார்ந்தோம். எலிசா அத்தை கத்தியை வைத்து ஒரு துண்டத்தை அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது. இன்னொரு முறை அழுத்திவிட்டு, மரியாதையாகத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நான் அப்புறமா சாப்பிடுறேன் தம்பி. எனக்குப் பல்லு சரியில்ல.”

“அதுக்குத்தான் ஒரிஜினல் வேணுங்கிறது,” என்றார் அங்கிள். “கத்தி கித்தியெல்லாம் ஆகாது. இப்படி எடுக்கணும்.” இருப்பதிலேயே பெரிய சாப்ஸை எலும்பைப் பிடித்துத் தூக்கினார். வாயை அகலத் திறந்தார். கடித்தார்.

மேலோட்டைப் பிளந்து, அடியில் இன்னும் சூடு ஆறாத பாகுக்குள் பல் இறங்கிவிட்டது. திரும்பி வரவில்லை. அங்கிளின் கண்கள் ஒரு கணம் பெரிதாயின. பிறகு, இப்படி எத்தனை பார்த்திருப்பேன் என்பதுபோல், கிரேன் ஓட்டிய கையால் எலும்பைப் பலமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

சாப்ஸ் வந்தது. கூடவே பல்லும் வந்தது. மேல் வரிசை முழுவதும், ஈறோடு, ஒன்றுகூடக் குறையாமல். அங்கிளின் கையிலிருந்து அந்தச் சாப்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தது.

இப்போது எழுதும்போது எனக்கு அது பல்செட் என்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஒரிஜினல் என்று தட்டிக் காட்டியவர் அல்லவா. நான் ஒரு மனிதனின் பற்கள் அத்தனையையும் பாகு தடவிப் பிடுங்கிவிட்டேன் என்று நம்பினேன். தலை சுற்றியது. அந்தச் சுற்றலுக்கு நடுவே, தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த முதலுதவிப் பயிற்சி ஞாபகத்துக்கு வந்தது. விழுந்த பல்லை உடனே பாலில் போட்டால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு.

“யாரும் பயப்படாதீங்க,” என்று சொன்னேன். (பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.) அங்கிள் கையிலிருந்த சாப்ஸைப் பறித்தேன். தேத்தண்ணிக்காக மேசையில் வைத்திருந்த பால் ஜாடிக்குள் அதை, பல்லோடு சேர்த்து, எலும்பு மட்டும் வெளியே தெரியும்படி அழுத்தினேன்.

“வேர் காயாம இருந்தா ஒட்ட வச்சுருவாங்க அங்கிள். ரத்தம் வருதா? துண்டக் கடிங்க. கெட்டியாக் கடிங்க.”

எதை வைத்துக் கடிப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லாதான் முதலில் பேசினாள். “அப்பா. அது செட்டு பல்லா?”

மேரி ஆண்டி கூரையைப் பார்த்தார். அவருக்கு மட்டும் தெரிந்திருந்த ரகசியம் அது. எலிசா அத்தை நாற்காலியிலிருந்து மெதுவாக முன்னால் சாய்ந்து ஜாடியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி ஜாடியைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளாண்ணே?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணீர் வழிந்தது. எத்தனையோ வருடம் டூப்ளிகேட் என்று பெயர் வாங்கியவருக்கு அந்த அளவு உரிமை உண்டு.

அங்கிள் எழுந்தார். வாயிலிருந்து கையை எடுக்காமலே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. என் காதில் அது கல்யாணத்தின் மேல் விழுந்த தாழ்ப்பாளாகத்தான் கேட்டது.

ஸ்டெல்லா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஜாடியிலிருந்து சாப்ஸை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டோம். கொதிநீர் ஊற்றினால் பல்செட் வளைந்துவிடும் என்று கதவுக்கு அப்பாலிருந்து மேரி ஆண்டி எச்சரித்தார். பாகு அணு அணுவாகக் கரைந்தது. நான் உள்ளங்கையில் ஏந்திப் பிடிக்க, அவள் தண்ணீர் ஊற்றினாள்.

“முடிஞ்சுதா ஸ்டெல்லா? நம்ம விஷயம்?”

“பேசாம தேயி,” என்றாள். அவள் அழுகிறாளோ என்று பார்த்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு புது பிரஷ் எடுத்து, பல் இடுக்கில் ஒட்டியிருந்த கடைசித் துளிக் கறுப்பும் போகும்வரை துலக்கினேன். மாமனார் ஆவதற்கு முன்பே மாமனாருக்குப் பல் விளக்கிவிட்ட மருமகன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்தபோது எலிசா அத்தை சிரிப்பை நிறுத்தியிருந்தார். சாத்திய கதவின் முன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு தடவை அண்ணே என்று கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. அப்போது அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். கைக்குட்டையை எடுத்தார், திரும்பி நின்று தன் பல்செட்டைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய், ஒரு நொடியில் வேறு ஆளாகிவிட்டார்.

“அண்ணே, நானும் கழட்டிட்டேன்,” என்றார். பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. “கதவத் தொறங்க. ரெண்டு பேரும் ஒண்ணுதான் இப்ப.”

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து அங்கிளின் குரல் வந்தது. கிரேன் குரல் இல்லை. மெத்தென்ற, பல்லில்லாத குரல்.

“அந்தப் பையன் போயிட்டானா?”

“இங்கதான் இருக்கேன் அங்கிள்,” என்று சாசரில் வைத்த பல்லை இடைவெளி வழியாக நீட்டினேன். “நல்லாத் துலக்கிட்டேன்.”

சாசர் உள்ளே போனது. அடுத்து வந்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“கறி உள்ள வெந்துருச்சா?”

“வெந்துருச்சு அங்கிள்.”

“மேல பூசியிருக்கிற ஓட்ட எடுத்துப்போட்டுட்டு, பொடிசா வெட்டிக் கொண்டாங்க. பசிக்குது.”

மேலோட்டைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித்தான் எடுத்தேன். இதில் மிகை இல்லை. இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரே தட்டில் இருவருக்கும் கொடுத்தேன். கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைப் போடாமலே, ஈறால் மென்று சாப்பிட்டார்கள். அங்கிள் நிதானமாக விழுங்கிவிட்டு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார்.

“உள்ள நல்லாத்தான் இருக்கு. மேலதான் என்னமோ பூசி வச்சிருக்கான்.”

அவர் சாப்ஸைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை வீட்டில் விவாதம் நடக்கிறது. ஸ்டெல்லா என்னைத்தான் என்கிறாள்.

சாயந்திரம் வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே நின்றாள். நடந்ததைச் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது.

“அது உருண்டை புடிக்கிற பதம்டா. கறிக்குப் பூச அதையா கொண்டு போவாங்க?”

“நீதானேம்மா பதம் சொன்ன?”

“நான் எங்கடா பார்த்தேன்?” என்றாள்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த வாரமே சேலை மாற்றிக்கொண்டு என்னோடு ஃபெரி ஏறினாள். மன்னிப்புக் கேட்கப் போவதாகத்தான் பேச்சு. மிருதுவாக ரவா லட்டு பிடித்து எடுத்துப் போயிருந்தாள். அங்கிள் ஒன்றை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, உதிர்கிறது என்று உறுதி செய்துகொண்டு வாயில் போட்டார். அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அங்கிளும் சிரித்தார், முழுப் பல்லும் தெரிய. போன காரியத்தை மறந்து அன்றைக்கே கல்யாணத் தேதி பேசிவிட்டு வந்தார்கள்.

இப்போது எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அந்தோணி அங்கிள், இப்போது மாமா, எல்லாரிடமும் பல்செட்டைப் பற்றித் தாமே சொல்கிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டியிடம்கூட. நான் சமைத்தது மேசைக்கு வந்தால் மட்டும் அவர் ஒரு சடங்கு செய்வார். நிதானமாகப் பல்லைக் கழற்றி, கைக்குட்டையில் மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இப்ப வைங்க” என்பார். பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அப்பா சமைத்தால் வாயிலிருந்து எதையோ எடுப்பதுபோல் எடுத்து, பையில் போடுவதுபோல் போட்டு, தட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். சின்னவள் பள்ளித் தோழி வீட்டிலும் இதைச் செய்து, அந்த வீட்டுக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெலுத்தோங்கில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்ஸை மாமா சுட்டார். அம்மாவுக்காக நான் ஒரு ரசம் மட்டும் வைத்தேன். வெறும் ரசம். தக்காளித் தோல்கூட இல்லாமல் வடிகட்டியது. மேசையின் கடைசியில் தன் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோய், எதையோ கழற்றி, சேலையில் பை இல்லாததால் முந்தானையில் இறுக்கமாக முடிந்துகொண்டாள்.

“இப்ப ஊத்து,” என்றாள்.